ஏழு நாள் மாத்திரை

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. எப்படி வந்தது என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் மீதி எதையும் படிக்காமல் அதையே யோசித்துக்கொண்டிருப்பீர்கள். தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரை. அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது. அதை விடாமல் போட்டுக்கொள்கிற வரைக்கும் நான் திருக்கழுக்குன்றத்தில் ஒரு தனியார் பள்ளியின் கணக்கு வாத்தியார், அவ்வளவுதான். சர்க்கரையும் கிடையாது, ரத்த அழுத்தமும் கிடையாது. எங்கள் ஸ்டாஃப் ரூமில் இருப்பதிலேயே திடகாத்திரமான ஆள் நான்தான் என்று தலைமையாசிரியை பலமுறை சொல்லியிருக்கிறார். மற்ற ஆசிரியர்களை என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்வார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன்.

மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைச் சென்டரில் சேரும் அன்றே சொல்லிவிடுவார்கள். அடங்கிக் கிடக்கிற கிருமி மறுபடி பெருகும். விட்டு விட்டுப் போட்டால் இந்த மாத்திரைக்கே மசியாததாக மாறினாலும் மாறும். அதனால் மாதம் ஒரு நாள் நான் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறுவேன். சென்டர் என்பது எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி என்றெல்லாம் கேட்காதீர்கள். மாத்திரை கொடுக்கிற இடம். என்னைப் போன்றவர்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எல்லோர் மடியிலும் நியூஸ்பேப்பர் அட்டை போட்ட ஒரு புத்தகம் இருக்கும். அதைக் காட்டினால்தான் மாத்திரை.

எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை, யாரும் மீறியதும் இல்லை. சென்டருக்குள் நாங்கள் மாமன் மச்சான். வீட்டுச் சண்டை, மூட்டு வலி, பிள்ளையின் மார்க், எல்லாம் பேசுவோம். கேட்டைத் தாண்டினால் யாருக்கும் யாரையும் தெரியாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார நேர்ந்தாலும் ஜன்னலைத்தான் பார்ப்போம். பெயர் கேட்பதில்லை, போன் நம்பர் வாங்குவதில்லை. ஒருமுறை பஸ்ஸில், பாதிரி மாதிரி தாடி வைத்த ஒருவர் என் காலை மிதித்துவிட்டு, "ஸாரி சார்" என்றார், பத்து நிமிடம் முன்பு என் டிபனில் பாதியைத் தின்றவர்.

எனக்கு அங்கே நெருக்கம் என்றால் ஒரு மீனவர். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பம். என்னை "வாத்தியாரே" என்பார். தொழில் தெரிந்து அல்ல. வாட்ச்மேனையும் அப்படித்தான் கூப்பிடுவார். நான் அவரை "அண்ணாத்த" என்பேன். என் வாயில் அந்த வார்த்தை வந்தால் அவருக்குச் சிரிப்பு தாங்காது. "நீ அத்த சொல்லாத வாத்தியாரே, சமஸ்கிருதம் மாதிரி கீது" என்பார். அவருடைய மாத்திரை பாட்டில் படகில் ஸ்பேனர் டப்பாவுக்குள் இருக்கும். வீட்டில் போட்டால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று விடியலில் கரையை விட்டுப் படகு தள்ளிய பிறகுதான் மாத்திரை போடுவார். கூட வரும் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, கேட்டால் பித்தத்துக்கு என்பார்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை எங்கள் கையில் பாட்டிலுக்குப் பதில் ஒரு பேப்பர் கவரைக் கொடுத்தார்கள். உள்ளே ஏழு மாத்திரை. அடுத்த சனிக்கிழமை வந்து இன்னொரு ஏழு வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். ஸ்டாக் வரவில்லையாம்.

பெஞ்சில் பெரிய பொருளாதார விவாதம் நடந்தது. டெல்லியில் டெண்டர் முடியவில்லை என்றார் ஒருவர். டெண்டர் முடிந்துவிட்டது, நிதிதான் ஒதுக்கவில்லை என்றார் இன்னொருவர். நிதி வந்து சென்னையில் நிற்கிறது என்றார் தாடிக்காரர், ஏதோ எலெக்ட்ரிக் டிரெயினில் அது தாம்பரம் தாண்டியதைப் பார்த்தவர் மாதிரி. கவுன்சலர் மேடத்தைக் கேட்டோம். நல்ல பெண்மணி. எங்களுக்கு மாத்திரை வராத அதே காரணத்தால் தனக்குச் சம்பளமும் வரவில்லை என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் அவரிடம் கோபப்பட யாருக்கும் மனசு வரவில்லை. ஒவ்வொரு பிப்ரவரியும் ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் பட்ஜெட் உரையை வருமான வரிக்காகக் கேட்பார்கள். நானும் கேட்பேன். என் உயிர் அதில் எத்தனையாவது பக்கத்தில் வருகிறது என்று இதுவரை பிடிபட்டதில்லை.

மாதம் ஒரு லீவு என்பது நாலு லீவானது. எங்கள் பள்ளியில் சனிக்கிழமையும் வகுப்பு உண்டு. முதல் வாரம் ஒரு சித்தப்பாவைக் கொன்றேன். இரண்டாம் வாரம் அவருக்குக் காரியம். மூன்றாம் வாரம் வேறு வழியில்லாமல் ஒரு பெரியம்மா. தலைமையாசிரியை லீவு லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்க குடும்பத்துல இன்னும் யாராவது மிச்சம் இருக்காங்களா சார்?" என்றார்.

எனக்காவது கொல்ல உறவினர்கள் இருந்தார்கள். அண்ணாத்தவின் பாடு வேறு. வாராவாரம் செங்கல்பட்டுக்கு வந்தால் ஒரு நாள் தொழில் போகும். அதைவிட, வாராவாரம் எங்கே போகிறாய் என்று மச்சான் கேட்பான். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தையில் முகூர்த்தம். மாப்பிள்ளை அதே கடற்கரையில் நாலு குப்பம் தள்ளி. விஷயம் வெளியே தெரிந்தால் கல்யாணம் நிற்கும், அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. போதாததற்கு முதல் வாரத்துப் பேப்பர் கவர் படகில் நனைந்து, மூன்றாம் நாள் ஸ்பேனர் டப்பாவில் வெள்ளைக் கூழ்தான் இருந்தது.

"ஆபீசருங்க கடலே பாத்ததில்ல போல கீது" என்றார். பிறகு சிரிக்காமல் சொன்னார், "நான் இனிமே வர்றது கஷ்டம் வாத்தியாரே."

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யும்போதெல்லாம் யாருக்காவது கஷ்டம்தான். அவர் புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிடட்டும், நான் எனக்கு வாங்கும்போது அவருக்கும் வாங்கி, சாயந்திரம் மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் சேர்த்துவிடுகிறேன் என்றேன். ஸ்டாக் இல்லாத காலமாதலால் மேடம் சம்மதித்தார். ஒரு லெட்டர் கேட்டார். நான் எழுதினேன், அண்ணாத்த கையெழுத்துப் போட்டார். பெயரைப் படிக்காமல் மடித்துக் கொடுத்தேன். அந்த நாகரிகத்தை நினைத்து எனக்கே புல்லரித்தது.

அடுத்த சனிக்கிழமை ஐந்து மணிக்கு, பஸ் ஸ்டாண்டில் கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பின்னால் இருக்கிற சிமெண்டு பெஞ்சில் மஞ்சப்பையை வைத்துவிட்டு எழுந்து போனேன். இரண்டு நிமிடத்தில் அவர் வந்து உட்கார்ந்து, எழுந்து, பையோடு போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஜூஸ் குடித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். எனக்குள் ஒரு உளவாளி இத்தனை வருடம் அல்ஜீப்ரா நடத்திக்கொண்டிருந்திருக்கிறான் என்று பெருமையாக இருந்தது. இந்த முறை கவர் நனையாது. நான் அவ்வளவு மடையன் இல்லை. வீட்டில் கிடந்த என்னுடைய பழைய காலி பாட்டிலில் ஏழு மாத்திரையையும் போட்டு, சத்தம் கேட்காமல் இருக்கப் பஞ்சு அடைத்துக் கொடுத்திருந்தேன்.

இரண்டாவது சனிக்கிழமை அவர் தனியாக வரவில்லை. கூட இளவட்டமாக ஒருவன், துணிக்கடைப் பைகளோடு. மச்சானாகத்தான் இருக்க வேண்டும். அண்ணாத்த என்னைப் பார்த்தார். பார்த்த கண் அப்படியே என்னைத் தாண்டி, பின்னால் இருந்த பஸ் டைம் டேபிளுக்குப் போனது. எங்கள் சட்டப்படி அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. நானும் சட்டப்படி ஜன்னலைப் பார்க்க வேண்டும், ஆனால் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் இல்லை, கரும்பைப் பார்த்தேன். இருவரும் ஆட்டோ ஏறினார்கள். மஞ்சப்பை பெஞ்சிலேயே இருந்தது. ஒரு நாய் வந்து மோந்துவிட்டுப் போனது.

மூன்றாவது வாரம் ஆளே வரவில்லை. நான்காவது வாரமும் வரவில்லை. ஆனால் நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு புத்தகத்தையும் நீட்டி இரண்டு கவர் வாங்கிக்கொண்டுதான் இருந்தேன். இந்த வாரம் வந்துவிடுவார் என்று ஒரு நினைப்பு. வீட்டில் அவருடைய மாத்திரை இருபத்தொன்று சேர்ந்தது.

அன்றைக்குத்தான் அவர் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். திறக்கக் கூடாது, திறந்தேன். போன் நம்பர் என்று இருந்ததைக் கூப்பிட்டால், அப்படி ஒரு நம்பரே கிடையாது என்றது குரல். முகவரி அச்சரப்பாக்கத்தில் ஒரு தெரு. மீன் லாரி வந்தால் ஒழியக் கடல் வாடையே அடிக்காத ஊர். சேர்ந்த அன்று பயந்துகொண்டு வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார். அதில் அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் புத்தகத்தில் நான் ஒரு மளிகைக்கடைக்காரன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பேச்சில் கேட்ட அடையாளத்தை வைத்துக் குப்பத்துக்குப் போனேன். பச்சைப் படகு, அம்மன் கோயிலுக்கு நேராக. பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு மணலில் நடந்தபோதே நான் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிருக்கும். நெற்றியில் விபூதி, கையில் மஞ்சப்பை, காலில் ஷூ. மீன் வாங்க வந்த மாதிரி நடிக்க வேண்டும். பிறந்ததிலிருந்து மீன் தின்றதில்லை. கூடைக்காரம்மா ஒருத்தி ஒரு மீனைத் தூக்கி என் கையில் கொடுத்தார். நான் அதைச் சாக்பீஸ் மாதிரி பிடித்தேன்.

"சாருக்கு வூட்ல இன்னா விசேஷம், மீனு தேடிகினு வந்துகீறாரு?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டார். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்து, காசு கொடுத்து, ஒரு கிலோ வாங்கினேன்.

பச்சைப் படகுக்குப் பக்கத்தில் அண்ணாத்த வலை பிரித்துக்கொண்டிருந்தார். மச்சான் எதிரில். பார்க்க நன்றாகவே இருந்தார், கொஞ்சம் கறுத்திருந்தார், அவ்வளவுதான். மாத்திரை போகாமல் ஒரு மாதம் ஆகப் போகிறது என்று பார்க்கிறவன் யாரும் சொல்ல மாட்டான். அந்த நல்ல முகம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

படகு ஓரத்தில் நின்று கடலை ரசித்தேன். மஞ்சப்பையை மெதுவாகப் படகு விளிம்புக்கு அடியில் மணலில் வைத்தேன். மறந்துபோன மாதிரி திரும்பி நடந்தேன். இருபது அடி போயிருப்பேன்.

"சார், பைய உட்டுட்டு போறீங்கோ பாருங்கோ."

அவர்தான். ஓடி வந்து பையை என் நெஞ்சில் வைத்து அழுத்தினார். மச்சானுக்கு அவர் முதுகு தெரிந்தது. எனக்கு முகம்.

"அன்னிக்கு பாட்டில்ல மேல ஒட்டினது அப்டியே இருந்துச்சி வாத்தியாரே" என்றார் மெதுவாக. "மச்சான் எட்த்து பாத்துகினு இருந்தான். மெடிக்கல்ல காட்டி இன்னான்னு கேக்கறேன்றான். டேட்டு முடிஞ்சி பூட்ச்சின்னு சொல்லி கடல்ல போட்டேன்."

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. எங்களில் எல்லோரும் செய்கிற முதல் வேலை, பாட்டிலை வாங்கியதும் ஈரத்துணியால் தேய்த்து லேபிளைக் கிழிப்பது. சென்டர் பாத்ரூமிலேயே பலர் கிழித்துவிடுவார்கள். நான் மட்டும் கிழிப்பதில்லை. என் மனைவிக்கு எல்லாம் தெரியும். எங்கள் வீட்டில் அந்த பாட்டில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில், மருந்தின் பெயர் அச்சிட்ட லேபிளோடு, ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும். அந்தப் பழக்கத்தில், பஞ்சு வரைக்கும் யோசித்த இந்த அறிவாளி, லேபிளோடு கொடுத்திருக்கிறேன்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். என்ன என்று இப்போது ஞாபகம் இல்லை, மன்னிப்பாகத்தான் இருக்கும்.

"பொண்ணு கல்யாணம் முடியட்டும். நானே வரேன். அதுவரிக்கும் இங்க வராதீங்கோ" என்றார். பிறகு மச்சான் காதில் விழுகிற மாதிரி உரக்க, "கவனமா போங்கோ சார்" என்றார். என்னை அவர் நீங்கள் என்று சொன்னது அன்றுதான்.

தைக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. நான் மீனோடும் மாத்திரையோடும் பஸ் ஏறினேன். மீனைப் பக்கத்து வீட்டில் கொடுத்தேன். அடுத்த தடவை வஞ்சிரமாகப் பார்த்து வாங்கி வரச் சொன்னார்கள்.

இதற்குப் பிறகு நான் செய்ததை யாரிடமும் சொன்னதில்லை. அடுத்த சனிக்கிழமை லீவு கேட்க எனக்கு உறவினர் யாரும் பாக்கி இல்லை. தலைமையாசிரியை வேறு, இன்னொரு லீவு எடுத்தால் நிர்வாகத்திடம் சொல்ல வேண்டியிருக்கும் என்று சொல்லியிருந்தார். என் கவர் காலி. அலமாரியில் அவருடைய இருபத்தொன்று இருந்தது. அதே மாத்திரை, அதே நிறம். நான் அதை எடுத்துப் போட்டுக்கொண்டேன். மூன்று வாரம் செங்கல்பட்டுப் பக்கம் போகவில்லை. வீணாய்ப் போவதைத்தானே போடுகிறேன் என்று ஒவ்வொரு ராத்திரியும் எனக்கு நானே பாடம் நடத்தினேன். மாணவன் தலையாட்டினான். நல்லாத்தான் தூங்கினான்.

மூன்றாவது வாரக் கடைசியில், ஸ்டாஃப் ரூமில் இருந்தபோது என் செல்போன் அடித்தது. கவுன்சலர் மேடம். பக்கத்தில் யார் இருப்பார்களோ என்று சென்டரிலிருந்து எப்போதும் கூரியர் ஆபீஸ் மாதிரிதான் பேசுவார்கள்.

"சார், பார்சல் மூணு வாரமா அப்படியே இருக்கு. வாங்க வரலையே."

நான் ஒருவன் காணாமல் போய்விட்டேன் என்று கவலைப்பட்டு அந்தம்மா கூப்பிட்டிருக்கிறார். சம்பளம் வராத ஆள்.  அன்று மதியமே, வயிற்று வலி என்று சொல்லிவிட்டுப் போனேன். அது பொய் இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில், லேபிள், கடற்கரை, நான் தின்ற இருபத்தொன்று. மேடம் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அண்ணாத்தவின் நம்பருக்கு நேராக நான் வாங்கிய ஒவ்வொரு வாரத்துக்கும் வரிசையாக டிக். என்னுடையதில் கடைசி மூன்றும் காலி. பேப்பரில் அவர்தான் ஒழுங்கான நோயாளி, ஓடிப்போனவன் நான். நீங்கள் வாங்காமல் இருந்திருந்தால் முதல் வாரமே அவர் பெயர் காணாமல் போனவர்கள் பட்டியலில் வந்திருக்கும் என்றார் மேடம். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"இப்ப பட்டியல்ல போட்டு யாரையாவது அனுப்புங்க மேடம்" என்றேன்.

"யாரை சார் அனுப்புவேன்?"

வீடு வீடாகப் போய்த் தேட இரண்டு பேர் இருந்தார்கள். எனக்கும் தெரியும். ஒருவர் குக்கர் ரிப்பேர்காரர் மாதிரி போவார், இன்னொரு அம்மா புடவை விற்கிற மாதிரி. யாருக்கும் சந்தேகம் வராமல் வாசலில் நின்று பேசி, ஆளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். என்னை மாதிரி ஷூ போட்டுக்கொண்டு மணலில் நடக்கிற ஜாதி இல்லை. அந்தத் திட்டத்துக்கான நிதி போன மார்ச்சோடு முடிந்திருந்தது. நீட்டிப்பு ஆர்டர் வரும் என்றார்கள். குக்கர்காரர் இப்போது மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி. புடவைக்கார அம்மா உண்மையிலேயே புடவை விற்கிறார்.

மேடம் அண்ணாத்தவின் டிக்குகளைச் சிவப்பு மையில் சுழித்தார். அதற்குமேல் அவராலும் ஒன்றும் ஆகவில்லை. என் கையில் ஏழு மாத்திரை கொடுத்தார்.

மார்கழிக் கடைசியில் ஸ்டாக் வந்தது. பழையபடி முப்பது மாத்திரை, மூடி சீல் உடையாத பாட்டில். பெஞ்சில் தாடிக்காரர் எல்லோருக்கும் கடலை மிட்டாய் கொடுத்தார். நிதி யார் கொடுத்தார்கள், எங்கே நின்றிருந்தது, எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. நான் அண்ணாத்தவின் புத்தகத்தையும் நீட்டினேன். இனிமேல் அவரே வந்தால்தான் என்றார்கள். ரத்தம் பார்க்காமல் கொடுக்க முடியாதாம். அவர்கள் சொல்வது சரிதான்.

தையில் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் ஃபிளக்ஸ் பார்த்தேன். மணமக்கள் நடுவில், மாமன்மார் சுற்றிலும், மேலே மூலையில் கூலிங் கிளாஸ் போட்டுக் கும்பிட்டபடி அண்ணாத்த. பஸ் வேகத்தில் பெயரைப் படித்துவிட்டேன். புத்தகத்தில் இருந்த பெயர் இல்லை.

முகூர்த்தம் முடிந்த அடுத்த சனிக்கிழமை சென்டரில் அவருக்காக உட்கார்ந்திருந்தேன். அதற்கடுத்த வாரமும் ஏதோ காரணம் சொல்லிக்கொண்டு போனேன். மாசி பிறந்தது. சாக்கு எதுவும் தேவைப்படாத ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போனேன். கல்யாணம் முடிந்துவிட்டதே, இனி வராதே என்ற பேச்சு செல்லாது என்று வழியெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டேன். இந்த முறை செருப்புதான் போட்டிருந்தேன்.

பச்சைப் படகு கரையில் இருந்தது. மச்சான் மட்டும் உட்கார்ந்து மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தான், புதிதாகக் கூலிக்கு வந்த ஆள் மாதிரி தெரிந்தது. வலைக் குவியலுக்குப் பின்னால் பார்த்தேன். கோயில் பக்கம் பார்த்தேன். டீக்கடையில் பார்த்தேன். வேறு யாரும் இல்லை.

மச்சான் நிமிர்ந்தான். "இன்னா சார், யாரப் பாக்கணும்?"

யாரை என்று சொல்வது. எந்தப் பெயரைச் சொல்வது. எப்படித் தெரியும் என்று கேட்டால் எங்கே பழக்கம் என்று சொல்வது. உங்கள் அக்கா புருஷன் எங்கே, உடம்புக்கு என்ன, எந்த ஆஸ்பத்திரி, அல்லது ஒன்றுமில்லையா, சும்மா மகள் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருக்கிறாரா. இதில் எதைக் கேட்டாலும் நான் அவரைக் காட்டிக்கொடுத்தவன் ஆவேன். என்னால் ஒருமுறை நடந்தது போதும்.

"வஞ்சிரம் இருக்கா?" என்றேன்.

"கீது. எத்தன கிலோ?"

ஒரு கிலோ போடச் சொன்னேன். அவன் எடை போட்டு முடிகிற வரைக்கும் அந்தப் படகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.